ஃப்ரீசருக்கு லீவு விட்ட ஆயுத பூஜை

ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் என் செருப்பு மேல் தண்ணீர் கொட்டியது.

ஆயுத பூஜை, விஜயதசமி, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ஞாயிறு என்று மூன்று நாள் லீவு முடிந்து, திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வந்திருக்கிறேன். திருவொற்றியூரில், துணி சோப்புக்கும் தோல் பதனிடவும் என்சைம் தயாரிக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலை. அதன் மாடியில் எங்கள் ஆராய்ச்சிக் கூடம். ஒரு கையில் டீ. ஃப்ரீசர் கதவில் நானே தொங்கவிட்ட சாமந்திச் சரம் வாடிக் கிடந்தது. அதற்குக் கீழே சந்தனம், குங்குமம். உள்ளே கையை விட்டால் வெதுவெதுவென்று இருந்தது.

மைனஸ் இருபது டிகிரியில் இருக்க வேண்டிய பெட்டி அது.

"அய்யோ, அய்யோ, அய்யோ" என்று மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை சொல்வதற்குள் காதர் பாய் படியேறி வந்துவிட்டார்.

காதர் பாய் எங்கள் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர், தண்டையார்பேட்டைக்காரர். எங்கள் தொழிற்சாலை ஆயுத பூஜையை வருஷா வருஷம் முன்னால் நின்று நடத்துகிறவர் அவர்தான். ஐயர் வருவார், மந்திரம் சொல்வார், போவார். எந்த மோட்டாருக்கு எவ்வளவு பெரிய மாலை, பூசணிக்காயை எந்த வாசலில் உடைப்பது, பொரி கடலை யார் பங்கு போடுவது, எல்லாம் பாயின் இலாகா. ஐந்து வேளை தொழுகிற மனிதர், பாய்லருக்குத் தன் கையால் பொட்டு வைக்கமாட்டார். ஆனால் பக்கத்தில் நின்றுகொண்டு, "கொஞ்சம் லெஃப்ட்ல வையிப்பா, கோணலா கீது" என்பார்.

"பாய், ஃப்ரீசர் ஆஃப் ஆகியிருக்கு!"

"தானா ஆவலம்மா. நான்தான் ஆஃப் பண்ணேன்."

"எதுக்கு?"

"இன்னா எதுக்கு? ஆயுத பூஜையாச்சே! மிஷினு எதுவும் ஓடக்கூடாது. வருசத்துல ஒரு நாளாச்சும் அதுங்க மூச்சு வுடட்டும். போன வருசம் மாடி பேனலு என் கையில இல்ல. இந்த வருசம்தான் எனக்குக் குட்த்தாங்க. மெயினையே இறக்கிட்டேன்."

"ஃப்ரீசருக்கு லீவு கிடையாது பாய்! இது எப்பவும் ஓடணும்!"

"நீதானம்மா அதுக்கு மாலை போட்டே? மாலை போட்டா அதுவும் மிஷினுதான்."

மாலை போட்டது நான்தான். பொட்டும் நான்தான். போதாக்குறைக்கு ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் வேறு போட்டிருந்தேன்.

தொழிற்சாலையின் பிழைப்புக்கான பாக்டீரியாக்கள் வேறு கட்டடத்தில், பாயின் கைக்கு எட்டாத இடத்தில், பத்திரமாக இருந்தன. போனது என் பெட்டி மட்டும். என் பெட்டியில்தான் என் அம்மாவின் மானம் இருந்தது.

அது எப்படி என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

கேட்டுக்கு வெளியே

போன வாரம் இதே பத்தியில் நான் கல்லூரியில் வாய்ச்சண்டை போட்ட கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "இவ்வளவு வாய் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருந்தார். காசிமேட்டிலிருந்து. என் அம்மா லூர்து, மீன் விற்கிறவள்.

விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, எம்.கே.பி. நகர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போவாள். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்திலிருந்து அதே கேட், அதே படிக்கட்டு. எந்த வீட்டில் முள் இல்லாத மீன் கேட்பார்கள், எந்த வீட்டில் புரட்டாசியிலும் ஒளித்து வாங்குவார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சொல்லாமலே பால்சுறா எடுத்து வைப்பாள்.

ஒரு நாள் எல்லார் போனிலும் ஒரு வீடியோ வந்தது. சென்னை மீன் எல்லாவற்றிலும் ஃபார்மலின் கலக்கிறார்கள், பிணம் கெடாமல் இருக்கப் போடுகிற மருந்து, உஷார், பத்துப் பேருக்கு அனுப்புங்கள். எடுத்தவன் யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. பத்துப் பேருக்கு அனுப்புவதில் மட்டும் யாரும் குறை வைக்கவில்லை.

மறுநாள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பரந்தாமன் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். பிணத்துக்குப் போடும் மருந்து கலந்த மீன் விற்பவர்கள் உள்ளே நுழையத் தடை. உள்ளே போய் மீன் விற்கிற ஒரே ஆள் என் அம்மா. பேர் போடவில்லை, அவ்வளவுதான்.

வாட்ச்மேன் அதைப் படித்துக் காட்டியதும் அம்மா அப்படியே திரும்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த பில்டிங்குல பாதிப் புள்ளைங்க, நான் குட்த்த பால்சுறாவத் தின்ன ஆத்தாகிட்டதான் பால் குட்ச்சுதுங்க. அந்தப் புள்ளைங்களுக்கா நான் பொணத்து மருந்து போடுவேன்?"

மீன் விற்காமல் போகவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் கூடை காலி. ஆனால் அம்மா ராத்திரிச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வருவாள். எதற்கும் அசராத பொம்பளை, ஒரு கேட்டைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அவளுக்கு அந்த கேட் வழியாக மறுபடி உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

படித்த பெண்ணின் கொழுப்பு

"ஃபார்மலின் சோதிக்கக் கடையில் கிட் விற்கிறதே, ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாமே" என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். என் தலைவி சாரதா மேடமும் அதையேதான் கேட்டார்.

வாங்கலாம்தான். ஆனால் நான் புரதம் செய்கிறவள். காசிமேடு முழுக்க "லூர்து பொண்ணு சைன்டிஸ்ட்டு" என்று பேச்சு. அப்படிப்பட்டவள் அம்மாவுக்குக் கடையில் கிட் வாங்கிக் கொடுத்தால் நான் படித்த படிப்புக்கு என்ன மரியாதை? இது கொழுப்புதான், ஒப்புக்கொள்கிறேன். கம்பெனி வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் செய்துகொள் என்று மேடம் அனுமதி கொடுத்தார்.

யோசனை சிம்பிள். ஃபார்மலினைக் கண்டால் அதைப் பிடித்து மாற்றிவிடுகிற ஒரு என்சைம் இருக்கிறது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் சொத்து. அது வேலை செய்கிறபோது பக்கத்தில் ஒரு சாய மருந்து இருந்தால் நிறம் மாறும். இதைக் காகிதத்தில் தடவி வைத்தால் போதும். ஆனால் மீன் தண்ணீரில் நனைத்ததும் என்சைம் கரைந்து ஓடிவிடும்.

அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். மக்கிய மரத்தைத் தின்கிற பாக்டீரியாக்களிடம் ஒரு சின்னப் புரதத் துண்டு உண்டு. மரநாரைக் கண்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், விடவே விடாது. காகிதம் என்பதும் மரநார்தானே? ஆக, முன்னால் ஃபார்மலினைப் பிடிக்கிற ஆள், பின்னால் காகிதத்தைப் பிடிக்கிற ஆள், இரண்டையும் ஒரே புரதமாகச் சேர்த்துவிட வேண்டும். இணைவுப் புரதம் என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள்.

புரதங்களைக் கோந்து போட்டு ஒட்ட முடியாது. அவற்றை எழுதி வைத்திருக்கிற ஜீன்களை ஒட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் முதல் ஜீனின் எழுத்துகள், அதன் வாலில் இரண்டாவது ஜீனின் எழுத்துகள், நடுவில் ஒரு இணைப்பு. எண்ணூர் ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். தலை தனி, வால் தனி, நடுவில் திரும்ப இடம் கொடுக்கிற ஒரு கொக்கி. அந்தக் கொக்கி விறைப்பாக இருந்தால் வளைவில் வண்டி திரும்பாது. அதனால் வளைந்து கொடுக்கிற சின்ன அமினோ அமிலங்களாகப் பார்த்து நடுவில் கோத்தேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்து, பெருமையாக மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"டெய்சி, உன்னோட ரெண்டாவது ஆள் எப்ப வருவார்?"

"இதோ இருக்காரே மேடம், பின்னாடி."

"வரமாட்டார். முதல் ஆளோட கடைசியில 'நிறுத்து'ன்னு இருக்கு பாரு."

போச்சு. ஒவ்வொரு ஜீனின் முடிவிலும் மூன்று எழுத்தில் ஒரு உத்தரவு இருக்கும். செல்லில் புரதம் கோக்கிற இயந்திரம் அதைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டுப் போய்விடும். நான் முதல் ஜீனை அப்படியே எடுத்து வைத்திருந்தேன், உத்தரவோடு சேர்த்து. அப்படியே செய்திருந்தால் முன்பாதி மட்டும் உருவாகியிருக்கும். காகிதத்தைப் பிடிக்கிறவர் பிறந்திருக்கவே மாட்டார். இங்கே பயிற்சிக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. எனக்கே மறந்துவிட்டது. நல்லவேளை, மேடம் இதை யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் இப்போது லட்சக்கணக்கான பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மூன்று எழுத்தை எடுத்துவிட்டு, மூன்று மூன்றாகப் படித்தால் கடைசிவரை ஒழுங்காக வருகிறதா என்று விரல் வைத்து எண்ணிப் பார்த்து, ஜீனைச் செய்து அனுப்பச் சொல்லி வெளியூருக்கு எழுதினோம். சின்ன ட்யூபின் அடியில் உப்புப் படிந்த மாதிரி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒன்று வந்து சேர்ந்தது.

இனி அதை ஒரு பிளாஸ்மிடுக்குள் சொருக வேண்டும். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் இருக்கும் வளையம் போன்ற டி.என்.ஏ. துண்டு. வளையலை ஓர் இடத்தில் வெட்டி, நடுவில் ஒரு துண்டு வைத்துப் பற்ற வைக்கிற வேலை. வெட்டுவதற்கு இரண்டு வகை என்சைம். இரண்டு முனையும் வேறு வேறாக இருந்தால்தான் துண்டு தலைகீழாக உட்காராது. பற்ற வைக்க லைகேஸ் என்று ஓர் என்சைம்.

பூஜைக்கு முன்பே வளையத்தையும் வெட்டிவிட்டேன், ஜீனின் முனைகளையும் வெட்டிவிட்டேன். இரண்டையும் சுத்தம் செய்து ஃப்ரீசரில் வைத்தேன். திங்கட்கிழமை வந்து பற்ற வைத்தால் ஆச்சு. சந்தோஷத்தில் ஃப்ரீசருக்கு மாலை போட்டேன்.

பிழைத்ததும் செத்ததும்

ட்யூப் பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு சாரதா மேடம் ட்யூப் ட்யூபாக எடுத்துப் பார்த்தார்.

டி.என்.ஏ. முரட்டுப் பிறவி. மூன்று நாள் சூட்டை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. என் வளையமும் ஜீனும் பிழைத்திருந்தன. ஆனால் லைகேஸ் போயிற்று. பிளாஸ்மிடை உள்ளே வாங்கிக்கொள்வதற்காகப் பக்குவம் பண்ணி வைத்திருந்த பாக்டீரியாக்களும் போயின. பற்ற வைக்கவும் ஆள் இல்லை, குடி வைக்கவும் வீடு இல்லை.

"மறுபடி வாங்கச் சொல்லாதே டெய்சி" என்றார் மேடம். "இது கம்பெனி வேலை இல்ல. மேலே கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது. உன் ஜீன் எங்கேயும் ஓடிடாது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஜீன் ஓடாது, சரி. அடுத்த வருஷம்வரை அம்மா அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமா? பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தால் காதர் பாய் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். யாரோ அவரிடம் அம்மா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏம்மா, லூர்துக்கா விசயமா இது? முன்னாடியே சொல்லக் கூடாதா? எங்க வூட்டுக்கும் அதுதாம்மா மீனு குட்த்துச்சி, தண்டையார்பேட்டையில விக்கசொல்ல. இப்ப இன்னா வோணும் உனக்கு? எங்க கெடைக்கும், சொல்லு. இஸ்துகினு வந்துர்லாம்."

சென்ட்ரலுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் என் தோழி வேலை செய்கிறாள். போன் போட்டேன். "ஒரு ரியாக்ஷனுக்கு வேணா லைகேஸ் தரேன், ஐஸ்ல வச்சு எடுத்துட்டுப் போ" என்றாள்.

பாயின் ஸ்கூட்டரில் ஏறினேன். வழியில் வீட்டில் நிறுத்தி, அம்மாவின் தெர்மாகோல் பெட்டியில் ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டோம். திரும்பி வரும்போது அந்தப் பெட்டி என் மடியில். உள்ளே ஐஸ் மலைக்கு நடுவே சுண்டு விரல் நகம் அளவு ட்யூப், அதில் ஒரு துளி. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டில் பாய் சந்து சந்தாகப் புகுந்து ஓட்டினார். ஒவ்வொரு சிக்னலிலும் தலையைத் திருப்பாமல், "இன்னும் உயிரோட கீதாம்மா?" என்று கேட்டார்.

"கீது பாய், நீங்க ரோட்டப் பாருங்க."

ராயபுரம் பாலத்துக்குக் கீழே ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஐஸை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். முகம் மாறியது.

"மீனு எங்கம்மா?"

"மீன் இல்ல சார். என்சைம்."

"இவ்ளோ ஐஸுக்கு ஒரு மீனு கூட இல்லியா?"

பாய் குறுக்கே பாய்ந்தார். "சார், அது சூடானா செத்துரும் சார்! மூடுங்க சார் மொதல்ல! ஏற்கெனவே ஒரு தபா நான் சாவடிச்சிட்டேன்."

அந்த மனிதர் பயந்துபோய் மூடிவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் மீன் வாசனை

லைகேஸ் வந்துவிட்டது. வளையம், ஜீன், லைகேஸ் மூன்றையும் ஒரு ட்யூபில் கலந்து வைத்தாயிற்று. அடுத்து பாக்டீரியாவைப் பக்குவம் பண்ண வேண்டும். விலைக்கு வாங்கினால் ரெடியாக வரும். வாங்க வழியில்லாதவர்களுக்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. பாக்டீரியாவை வளர்த்து, சில்லென்ற கால்சியம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கடைசிவரை ஐஸிலேயே வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் சூடு ஏறினாலும் காரியம் கெட்டுவிடும்.

எங்கள் ஐஸ் மிஷின் மூன்று நாள் ஓய்வு எடுத்த சுகத்தில் மறுபடி வேலை செய்ய மறுத்துவிட்டது. பாய் அதன் வயிற்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் அம்மா அன்னக்கூடை நிறைய உடைத்த ஐஸோடு தொழிற்சாலைக்குள் வந்தாள். என் வேலையிடத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பை வாசலில் கழற்றப் போனவளைத் தடுத்து, உள்ளே கூட்டிவந்தேன். மேடம் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். உடனே மூக்கைச் சுளித்தார்.

"என்ன வாசனை டெய்சி இது?"

"ஐஸும்மா" என்றாள் அம்மா. "நேத்து இறாலு வச்சிருந்த பொட்டியில உடைச்சது. கயுவித்தான் போட்டேன். கொஞ்சம் வாசன வரும். கலீஜுலாம் இல்ல."

"ட்யூப் மூடிதான் இருக்கு மேடம், உள்ளே போகாது" என்றேன். மேடம் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நான் செய்வதையெல்லாம் பார்த்தாள். பாக்டீரியா ட்யூபை ஐஸில் புதைத்தேன். அதில் என் பிளாஸ்மிடைக் கொஞ்சம் விட்டேன். அரை மணி நேரம் ஐஸில். அப்புறம் ஒன்றரை நிமிஷம் மட்டும் வெந்நீரில். திரும்ப ஐஸில். இந்த அதிர்ச்சியில் பாக்டீரியா பிளாஸ்மிடை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

"இன்னாடி, குளுருல வக்கிற, சூட்டுல வக்கிற, மறுக்கா குளுருல வக்கிற? அதுக்குக் காய்ச்ச வராதா?"

"வரணும்மா. அதுக்குத்தான்."

"பாவம்" என்றாள் அம்மா.

ஐஸ் கரையக் கரைய, நான் சொல்லாமலே எழுந்து வந்து, தண்ணீரை வடித்துவிட்டுப் புது ஐஸை அள்ளி ட்யூப்களைச் சுற்றி அணைத்தாள். ஏலத்தில் எடுத்த மீனுக்குச் செய்கிற மாதிரியே. என் கூட வேலை செய்கிற யாரும் அவ்வளவு நேர்த்தியாக ஐஸ் போட்டு நான் பார்த்ததில்லை.

ஆன்டிபயாடிக் கலந்த தட்டில் பாக்டீரியாவைப் பரப்பினேன். அந்த மருந்தைத் தாங்கும் ஜீன் பிளாஸ்மிடில் இருப்பதால், அதை வாங்கிக்கொண்டது மட்டும்தான் பிழைக்கும், மற்றதெல்லாம் செத்துப்போகும். மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தேன். தட்டில் ஜவ்வரிசி இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

அதற்காகத் துள்ளிக் குதிக்கவில்லை. ஜீனே இல்லாத வெற்று வளையத்தை விழுங்கிய பாக்டீரியாவும் வளரும். எட்டுப் புள்ளிகளை எடுத்துச் சோதித்தேன். ஆறு மோசடிப் பேர்வழிகள். இரண்டில் என் ஜீன், சரியான அளவில், சரியான திசையில் உட்கார்ந்திருந்தது. அந்த ஜீனை வெளியூருக்கு அனுப்பி எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்கச் சொல்லி, அந்த அறிக்கை வரும்வரை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அறிக்கை வந்தது. ஒரு பிழையும் இல்லை.

முதலில் போய்ச் சொன்னது காதர் பாயிடம். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்புறம், "அடுத்த வருசம் உன் பொட்டிய மட்டும் வுட்டுடறேன்" என்றார்.

புரதம் உருவாகி, காகிதத்தில் ஏறி, பத்துத் தடவை கழுவியும் விடாமல் பிடித்துக்கொண்டது. ஃபார்மலின் துளி பட்டால் காகிதம் ஊதா நிறமாகும். சுத்தமான தண்ணீர் பட்டால் அப்படியே வெள்ளையாக இருக்கும். மேடம் தானே பத்துத் தடவை செய்து பார்த்துவிட்டு, "உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை

அம்மா அன்றைக்குப் புதுப் புடவை கட்டியிருந்தாள். மீன் விற்கப் போகிறவள் பட்டு கலந்த புடவையா கட்டுவாள் என்று கேட்டதற்கு, "வாய மூடிகினு வாடி" என்றாள். கேட்டுக்கு வெளியே அன்னக்கூடையை இறக்கி வைத்தோம். வாட்ச்மேன் உள்ளே போய்ச் சொன்னார். பரந்தாமன் சார் வந்தார். பால்கனிகளில் ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது.

விளக்கினேன். பரந்தாமன் சார் கெமிஸ்ட்ரி படித்தவராம்.

"நீங்களே செஞ்சதும்மா இது. உங்க அம்மா மீனுக்கு உங்க பேப்பர். எப்படி நம்பறது?"

"நான் தொடவே மாட்டேன் சார். நீங்களே பண்ணுங்க."

ஃபார்மலின் கலந்த தண்ணீர் ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். அதில் ஒரு காகிதத்தை நனைத்தார். ஊதா ஆனது. மேலேயிருந்து "ஓ" என்று சத்தம். தன் வீட்டுக் குடிதண்ணீரில் ஒன்று நனைத்தார். வெள்ளை. அப்புறம் சங்கராவைக் கழுவிய தண்ணீர், கானாங்கெளுத்தியைக் கழுவிய தண்ணீர், இறாலைக் கழுவிய தண்ணீர். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. கூடையின் அடியில் கைவிட்டு அவரே ஒரு மீனை உருவினார். அதுவும் வெள்ளை.

இத்தனை மாச வேலை, இந்த ஆளின் கையில் காகிதமாகத் தொங்குகிறது.

"குட்" என்றார். "ஒண்ணும் இல்ல. நோட்டீஸை எடுத்துடச் சொல்றேன். நீங்க உள்ள வரலாம்."

ஜெயித்துவிட்டேன். "போம்மா" என்று அம்மா முதுகைத் தள்ளினேன். அம்மா அசையவில்லை.

"இருடி. சார், நீங்க காயிதத்தக் கேட்டீங்க. அது சொல்ச்சி. நீங்க என்கிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

"என்ன சொல்லணும்?"

"இத்தினி வருசம் உங்க வூட்டுப் புள்ளைங்க வாயில மீனு ஊட்னேன். பொணத்துக்குப் போடற மருந்து போடறேன்னு கேட்டுல எய்தி ஒட்னீங்க. ஒரு வார்த்த என்னக் கூப்ட்டுக் கேக்கல. இப்போ மன்னிப்பு கேளுங்க சார். அப்பால நான் வரேன்."

நான் இத்தனை நாளாக அம்மாவுக்கு அத்தாட்சி வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரந்தாமன் சார் தொண்டையைக் கனைத்தார். "அது கமிட்டி எடுத்த முடிவும்மா. தனிப்பட்ட முறையில நான்..."

முதல் மாடி பால்கனியிலிருந்து ஒரு குரல். அவர் மனைவி.

"கேட்டுத் தொலைங்களேன்! வாயில என்ன கொழுக்கட்டையா?"

பரந்தாமன் சார் தரையைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கம்மா" என்று முனகினார்.

"மேல கேக்கல சார்" என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். எல்லா பால்கனியும் நிறைந்திருந்தது.

"தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க."

இந்தத் தடவை நாலாவது மாடிவரைக்கும் கேட்டிருக்கும். அம்மா புதுப் புடவையின் முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"சரி, வுடு சார்" என்று சொல்லிக்கொண்டே கேட்டுக்குள் காலை வைத்தாள். "சங்கரா வோணுமா, கானாங்கெளுத்தி வோணுமா?"

"சங்கரா" என்றார் பரந்தாமன் சார்.